பக்கவாட்டில் வந்த பிழை

செவ்வாய்க்குப் போன விண்கலம் ஒன்று அலகுக் குழப்பத்தால் அழிந்த கதையைப் பொறியியல் படித்த பலரும் முதலாண்டிலேயே கேட்டிருப்பார்கள். ஒரு குழு பவுண்டில் கணக்குப் போட்டது, இன்னொரு குழு அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது, கலம் போய்விட்டது, ஆகவே விடைத்தாளில் அலகை எழுத மறக்காதீர்கள் என்று பாடம் முடியும். கதை பொய்யில்லை. ஆனால் அது கால்வாசிதான். அந்தப் பிழை ஒன்பது மாதத்துக்கு மேல் கலத்தோடு கூடவே பயணம் செய்தது. பாதி வழியிலேயே சிலருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. அப்படியிருந்தும் கலம் ஏன் எரிந்தது என்பதுதான் மிச்ச முக்கால்வாசி. அதில் பவுண்டைவிட மனிதர்களுக்குத்தான் பங்கு அதிகம்.

கலத்தின் பெயர் மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டர். செவ்வாயின் வானிலையைச் சுற்றுப்பாதையிலிருந்து கவனிப்பதற்காக நாசா அனுப்பியது. 1998 டிசம்பர் 11 அன்று புளோரிடாவிலிருந்து கிளம்பி, 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை எட்டியது. திட்டப்படி அது தரையிலிருந்து 226 கிலோமீட்டர் உயரத்தில் செவ்வாயைச் சுற்றி வளைந்து, எஞ்சினை எரித்து வேகத்தைக் குறைத்து, சுற்றுப்பாதையில் அமர வேண்டும். கோளின் பின்பக்கம் மறையும்போது சிக்னல் போய்விடும், மறுபக்கம் வந்ததும் திரும்பக் கிடைக்கும். சிக்னல் போனது. ஆனால் எதிர்பார்த்ததற்கு 49 விநாடி முன்னதாகவே போனது. திரும்பி வரவே இல்லை. பிறகு கணக்கிட்டுப் பார்த்தபோது கலம் 57 கிலோமீட்டர் உயரத்தில் நுழைந்திருந்தது தெரிந்தது. 80 கிலோமீட்டருக்குக் கீழே போனால் காற்று மண்டலத்தின் உரசலை அது தாங்காது.

இவ்வளவு பெரிய விலகல் எங்கிருந்து வந்தது? சூரிய ஒளியிலிருந்து.

ஒளிக்கு நிறை கிடையாது, ஆனாலும் அது தள்ளும். பூமிக்கருகே ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் சூரிய ஒளி தரும் அழுத்தம் ஒரு மில்லிகிராம் எடைக்கும் குறைவுதான். தரையில் இதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். மாதக்கணக்கில் மிதந்து போகும் கலத்துக்கு இது பெரிய விஷயம். அதிலும் இந்தக் கலத்தின் சூரியத் தகடு உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தது. ஒரு பக்கம் மட்டும் தள்ளப்பட்டால் கலம் மெல்லத் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க உள்ளே சக்கரங்கள் சுழன்றுகொண்டிருக்கும். ஒளியின் திருப்பலைச் சக்கரங்கள் தங்கள் வேகத்தைக் கூட்டிக்கொண்டு வாங்கிக்கொள்ளும். ஆனால் எந்தச் சக்கரமும் ஓரளவுக்கு மேல் வேகமாகச் சுற்ற முடியாது. எல்லையை நெருங்கும்போது சிறிய உந்துகருவிகளைச் சில கணங்கள் இயக்கி, சேர்ந்துபோன கோண உந்தத்தை வெளியே கொட்டிவிடுவார்கள். கலம் நிலைக்கு வரும். ஆனால் அந்த உந்துகருவி கலத்தைத் திருப்புவதோடு நிற்காது, துளி நகர்த்தியும் விடும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு நகர்த்தியது என்பதைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

கலத்தைக் கட்டியது லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனம். அவர்கள் குழு கொலராடோவின் டென்வர் பக்கம் இருந்தது. வழிகாட்டும் குழு கலிபோர்னியாவின் பசடீனாவில், ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் இருந்தது. ஒவ்வொரு கொட்டலுக்கும் உந்துகருவி தந்த கணத்தாக்கு எவ்வளவு என்று டென்வர் மென்பொருள் ஒரு கோப்பில் எழுதும். பசடீனா மென்பொருள் அதைப் படித்துப் பாதையைத் திருத்தும். இரண்டுக்கும் இடையிலான ஒப்பந்த ஆவணத்தில் அலகு நியூட்டன்-விநாடி என்று தெளிவாகவே இருந்தது. டென்வர் கோப்பில் எண்கள் பவுண்டு-விநாடியில் இருந்தன. ஒரு பவுண்டு விசை என்பது 4.45 நியூட்டன். ஆகவே ஒவ்வொரு தள்ளலும் உண்மையில் இருந்ததைவிட நாலரை மடங்கு குறைவாகப் பதிவானது.

யாரோ கவனக்குறைவாகப் போட்ட எண் என்று இதைக் கடந்துவிடலாம்தான். ஆனால் உள்ளே எட்டிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இந்த மென்பொருள் புதிதாக எழுதப்பட்டதில்லை. முன்பு மார்ஸ் குளோபல் சர்வேயர் என்ற கலத்துக்காக எழுதியதை எடுத்து மாற்றியமைத்தார்கள். அந்தப் பழைய நிரலில் 4.45 என்ற எண் சரியாகவே இருந்தது. உந்துகருவிச் சமன்பாட்டுக்குள்ளே, மற்ற மாறிலிகளோடு கலந்து, இது எதற்கு என்ற விளக்கக் குறிப்பு எதுவும் இல்லாமல் இருந்தது. புதிய கலத்துக்கு உந்துகருவி வேறு. ஆகவே பழைய சமன்பாட்டை எடுத்துவிட்டு, உந்துகருவி செய்தவர்கள் தந்த புதிய சமன்பாட்டைப் போட்டார்கள். அது பவுண்டில் இருந்தது. பழையதோடு சேர்ந்து 4.45-உம் வெளியே போய்விட்டது. முதல் குழுவுக்கு விஷயம் தெரிந்திருந்தது, சரியாகவும் செய்தார்கள். அடுத்த குழுவின் கைக்கு நிரல் போய்ச் சேர்ந்தது, தெரிந்த விஷயம் போய்ச் சேரவில்லை. ஒரு வரி விளக்கம் எழுதுவதை நம் கல்லூரிகளில் யாரும் திறமை என்று மதிப்பதில்லை. நிரல் ஓடினால் மதிப்பெண் கிடைத்துவிடும்.

அடுத்து நடந்தது இன்னும் விசித்திரம். முதல் நான்கு மாதங்கள் அந்தக் கோப்பையே பயன்படுத்த முடியவில்லை. வடிவமைப்பில் வேறு கோளாறுகள் இருந்தன. அதனால் எப்போதெல்லாம் உந்துகருவி இயங்கியது என்று டென்வரிலிருந்து மின்னஞ்சல் வரும், பசடீனாக்காரர்கள் தாங்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். 1999 ஏப்ரலில்தான் கோப்பு சரியானது. சரியான ஒரு வாரத்துக்குள்ளேயே எண்கள் உதைப்பது அவர்கள் கண்ணில் பட்டுவிட்டது. கலம் நகர்ந்த அளவுக்கும் கோப்பு சொன்ன அளவுக்கும் ஒத்துவரவில்லை. சொன்னார்கள். மின்னஞ்சலிலும் பேச்சுவாக்கிலும் சொன்னார்கள். முரண்பாடு கண்டால் நிரப்ப வேண்டிய முறையான படிவம் ஒன்று அந்த ஆய்வகத்தில் உண்டு. அதை நிரப்பிவிட்டால் யாராவது ஒருவர் அதற்குப் பொறுப்பேற்று, பதில் எழுதி, கையெழுத்திட்டு மூட வேண்டும். அதுவரை அது திறந்தே கிடக்கும். மின்னஞ்சல் அப்படியில்லை. புதிது வரவரப் பழையது கீழே போய்விடும். படிவம் நிரப்பப்படவில்லை.

சரி, பூமியிலிருந்தே கலத்தைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள், பாதை விலகுவது தெரியாதா என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் இயற்பியல் தன் பங்குக்கு விளையாடியது. அவ்வளவு தொலைவில் இருக்கும் கலத்தைக் கண்ணால் பார்க்க வழியில்லை. அது அனுப்பும் ரேடியோ அலையின் அதிர்வெண் எவ்வளவு கூடுகிறது, குறைகிறது என்பதை வைத்து வேகத்தைக் கணக்கிடுவார்கள். டாப்ளர் விளைவு. லெவல் கிராசிங்கில் நிற்கும்போது ரயில் நம்மை நோக்கி வந்தால் ஹாரன் கீச்சென்று கேட்கும், கடந்து போனதும் ஒலி இறங்கிவிடும். ஆனால் தூரத்து வயல்வெளியில் நமக்குக் குறுக்காக ரயில் போனால் ஹாரனில் மாற்றமே தெரியாது, அது எவ்வளவு வேகமாகப் போனாலும் சரி. டாப்ளர் நம்மை நோக்கி வருவதையும் விலகுவதையும் மட்டுமே சொல்லும். பக்கவாட்டு நகர்வு அதற்குத் தெரியாது.

மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டரின் சின்னச் சின்னத் தள்ளல்கள் பெரும்பாலும் பூமியின் பார்வைக் கோட்டுக்குச் செங்குத்தாகவே விழுந்தன. அளவுகோல் எந்தத் திசையில் குருடோ, பிழை அந்தத் திசையில் சேர்ந்துகொண்டே போனது. பார்வையில் படாத அந்தத் திசைக்கு வழிகாட்டும் குழு நம்பியிருந்தது டென்வர் கோப்பை மட்டுமே.

இதுவரை சொன்னதில் விதியின் பங்கு கொஞ்சம் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். இனிமேல் வருவதில் இல்லை. உந்துகருவிகள் எதிர்பார்த்ததைவிடப் பத்து முதல் பதினான்கு மடங்கு அதிகமாக இயங்கின. காரணம் அந்த ஒற்றைப் பக்கத் தகடு. குளோபல் சர்வேயருக்கு இரு பக்கமும் தகடுகள் இருந்ததால் இந்தத் தொல்லை இல்லை. வழிகாட்டும் குழு பழகியிருந்தது அந்தக் கலத்தோடுதான். தகட்டின் வடிவத்தை முடிவுசெய்த வடிவமைப்புக் கூட்டங்களில் இந்தக் குழுவின் தலைவர் உட்காரவில்லை. அவர் கலம் கிளம்புவதற்குச் சற்று முன்தான் வந்து சேர்ந்தார். ஒளியின் திருப்பலைச் சமன்செய்ய நாளுக்கொரு முறை கலத்தை 180 பாகை புரட்டிப்போடும் யோசனை ஒன்று தொடக்கத்தில் இருந்தது, பிறகு கைவிடப்பட்டது. கைவிடப்பட்ட செய்தி வேண்டியவர்களுக்குப் போகவில்லை. அதே குழு ஒரே நேரத்தில் மூன்று செவ்வாய்த் திட்டங்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தது. செவ்வாயை நெருங்க நெருங்க உயரம் 150, 170 கிலோமீட்டர் என்று கணக்கு இறங்கியது. கடைசி நாளில் 110 ஆனது. பாதையை ஒருமுறை திருத்த இன்னும் வாய்ப்பு இருந்தது. அந்த ஐந்தாவது திருத்தத்தைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் அதைச் செய்வதற்கான நடைமுறை தயாராக இல்லை, செய்யவில்லை.

விசாரணைக் குழு 1999 நவம்பரில் தந்த அறிக்கையில் மூலகாரணம் என்று அலகைச் சொன்னது ஒரு வரிதான். துணைக் காரணங்கள் என்ற தலைப்பில்தான் நான் மேலே சொன்னவையெல்லாம் வருகின்றன: குழுக்களுக்கிடையே தகவல் போகாதது, வடிவமைத்தவர்களிடமிருந்து இயக்குபவர்களுக்குச் சரியான கைமாற்றம் இல்லாதது, ஆள் போதாதது, பயிற்சி போதாதது. கணிதப் பிழைகள் எல்லாத் திட்டங்களிலும் நடக்கும். அவற்றைப் பிடிக்க வலை விரித்து வைத்திருப்பார்கள். இங்கே அந்த வலை மனிதர்களால் பின்னப்பட்டது, அதுதான் அறுந்தது.

நம் பொறியியல் கல்லூரிகளில் மென்திறன் என்று ஒரு வகுப்பு உண்டு. வேலைவாய்ப்பு முகாம் நெருங்கும்போது நடக்கும். எப்படிக் கைகுலுக்குவது, டை எப்படிக் கட்டுவது, குழு விவாதத்தில் முதலில் யார் வாய் திறப்பது என்று சொல்லித்தருவார்கள். வேலை கிடைக்க இவை உதவும், மறுக்கவில்லை. ஆனால் எண்ணோடு அதன் பொருளையும் சேர்த்துக் கைமாற்றுவது, ஆதாரம் முழுதாகக் கைக்கு வராத சந்தேகத்தை வெட்கப்படாமல் மேசையில் வைப்பது, அப்படி வைத்தவரிடம் ‘நிரூபி பார்க்கலாம்’ என்று சொல்லாமல் ‘எங்கே, காட்டு’ என்று கேட்பது ஆகியவை அந்த வகுப்பில் வருவதில்லை. இவை பேச்சுக் கலையில் சேர்த்தியில்லை, வடிவமைப்பின் பாகங்கள் என்பது என் எண்ணம்.

இதை முதலில் கூர்மையாகச் சொன்னவர் ஒரு கணினிக்காரர். மெல்வின் கான்வே 1968-இல் எழுதிய கட்டுரையின் சாரம் இது: ஒரு நிறுவனம் எதை வடிவமைத்தாலும், அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் நகலாகவே அது அமையும். இரண்டு துறைகள் பேசிக்கொள்ளாவிட்டால், அவர்கள் செய்யும் இரண்டு பாகங்களும் பேசிக்கொள்ளாது. கட்டுரையை ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ, நிரூபணம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டது. வேறொரு கணினி இதழில் வந்தது. இன்று மென்பொருள் துறையில் அதைக் கான்வே விதி என்றே சொல்கிறார்கள். பேசவேண்டிய வழிகளின் எண்ணிக்கையும் சாதாரணமாக ஏறுவதில்லை. ஐந்து பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேச 10 வழி, பத்துப் பேர் என்றால் 45, ஐம்பது பேர் என்றால் 1,225. எல்லோரும் எல்லோரோடும் பேச முடியாது. ஆகவே எந்த வழிகளைத் திறந்து வைப்பது என்பதையும் யாராவது உட்கார்ந்து வடிவமைத்தாக வேண்டும்.

வழி திறந்திருந்தால் மட்டும் போதுமா? ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல குழுவில் பிழை குறைவாக இருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. கிடைத்த கணக்கு தலைகீழாக இருந்தது. நன்றாக ஒத்துப்போகும் குழுக்களில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்பது இதன் பொருளில்லை; தவறை ஒளிக்காமல் சொன்னார்கள். மற்ற இடங்களில் தலைமைச் செவிலியருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டார்கள். சொன்னால் தலை போகாது என்ற அந்த நம்பிக்கையை, உளப் பாதுகாப்பு என்ற பெயரில், பணிக்குழுக்களுக்கு விரித்து அவர் எழுதிய கட்டுரை வந்தது 1999-இல். செவ்வாய்க் கலம் எரிந்த அதே ஆண்டு.

நம் பக்கத்தில் இதற்கு ஆய்வுக் கட்டுரை வேண்டியதில்லை. 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி.-3 கிளம்பியபோது அப்துல் கலாம்தான் திட்டப் பொறுப்பாளர். கடைசி நிமிடங்களில் கணினி நிறுத்தச் சொன்னது, கூட இருந்த நிபுணர்கள் போகலாம் என்றார்கள், அவர் கணினியை மீறி ஏவினார், ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. இதைப் பல மேடைகளில் கலாமே சொல்லியிருக்கிறார். அன்று செய்தியாளர் முன் உட்கார்ந்து தோல்வியைத் தன் தலையில் போட்டுக்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். அடுத்த ஆண்டு ஜூலை 18-இல் வெற்றி கிடைத்தபோது, நீ போய்ப் பேசு என்று கலாமை அனுப்பிவைத்தார். வழக்கமாக இதைப் பெருந்தன்மைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு இது பொறியியல் முடிவாகவும் படுகிறது. பழி மேலே போகும் என்று தெரிந்த குழுவில்தான் அடுத்த ராக்கெட்டின் ஓட்டையை ஒருவர் தைரியமாகச் சொல்வார்.

செவ்வாயில் நடந்ததற்கு நேர்மாறாக, ஏறக்குறைய அதே மாதங்களில், அதே டாப்ளரை வைத்து இன்னொரு கதை நடந்தது. 1997-இல் கிளம்பிய காசினி கலம் சனிக் கோளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அது நாசாவுடையது. அதன் முதுகில் ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஹைகன்ஸ் என்ற சிறு கலம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஹைகன்ஸ், சனியின் நிலவான டைட்டனில் பாராசூட்டில் இறங்கும். அது அனுப்பும் தகவலைக் காசினி வாங்கிப் பூமிக்கு அனுப்பும். அந்த வாங்கும் கருவியைச் செய்தது ஓர் இத்தாலிய நிறுவனம். அதன் உள்விவரங்கள் வணிக ரகசியம் என்பதால் நாசா பொறியாளர்கள் அவற்றைச் சரிபார்க்கவில்லை. முழுமையான ஒத்திகை செய்ய வேண்டுமென்றால் கலத்தைப் பிரித்து மறுபடி சான்றளிக்க வேண்டும் என்பதால் அதையும் விட்டுவிட்டார்கள்.

ஜெர்மனியின் டார்ம்ஸ்டட்டில் இருந்த ஐரோப்பிய முகமையின் பொறியாளர் போரிஸ் ஸ்மெட்ஸுக்கு மனம் ஒப்பவில்லை. இறங்கும் நேரத்தில் இரண்டு கலங்களும் விநாடிக்கு 5.5 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்கும். அந்த டாப்ளர் மாற்றத்தோடு சேர்த்து ஒரு சிக்னலைப் பூமியிலிருந்தே அனுப்பிப் பார்த்துவிடலாம் என்றார். தேவையில்லாத சிக்கல், எளிய சோதனை போதும் என்று எதிர்ப்பு வந்தது. விடவில்லை. ஹைகன்ஸை இயக்கும் குழுவின் மேலாளர் கிளாடியோ சோலாட்ஸோவும் திட்ட அறிவியலாளர் ஜான்-பியர் லெப்ரெட்டோனும் அவர் பக்கம் நின்றார்கள். 2000 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் ஆன்டெனாவிலிருந்து ஸ்மெட்ஸ் தன் போலி ஹைகன்ஸ் சிக்னலை அனுப்பினார். கோடிக்கணக்கான கிலோமீட்டர் தாண்டியிருந்த காசினி அதை வாங்கி, திருப்பி அனுப்பியது. வந்தது வெறும் குப்பை.

காரணம் நுட்பமானது. தாங்கு அலையின் அதிர்வெண் மாறும் என்பதை வடிவமைத்தவர்கள் மறக்கவில்லை, அதற்கு இடம் விட்டிருந்தார்கள். ஆனால் டாப்ளர் அலையை மட்டும் மாற்றாது, அதன் மேல் ஏறிவரும் பிட்டுகளின் தாளத்தையும் மாற்றும். விநாடிக்கு 8,192 பிட் வர வேண்டிய இடத்தில், ஏறக்குறைய ஏழு விநாடிக்கு ஒரு பிட் வீதம் கூடுதலாக வரும். அவ்வளவுதான் வித்தியாசம். அதைக்கூட ஏற்காத அளவுக்கு அந்தக் கருவியின் கடிகாரக் கணக்கு இறுக்கமாக இருந்தது. தரையில் இருந்தபோது நிரலில் சின்ன மாற்றம் போதுமாயிருந்திருக்கும். பறக்கும் கலத்தில் அதை மாற்ற வழியே இல்லை.

2001-இல் இரு முகமைகளும் சேர்ந்து ஒரு குழு அமைத்தன. யார் தவறு என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு அவர்கள் கண்ட வழி, பசடீனாவைக் கவிழ்த்த அதே இயற்பியல்தான். கருவியை மாற்ற முடியாது, ஆனால் காசினியின் பாதையை மாற்றலாம். டைட்டனுக்கு 1,200 கிலோமீட்டர் அருகில் போவதாக இருந்த காசினியை 60,000 கிலோமீட்டர் தள்ளிப் போகவிட்டால், அது ஹைகன்ஸை நோக்கிப் பாயாமல் அதற்குக் குறுக்காகக் கடக்கும். குறுக்காகப் போனால் டாப்ளர் ஏறக்குறைய மறைந்துவிடும். அங்கே பிழையை ஒளித்துவைத்த பக்கவாட்டுத் திசை இங்கே பிழைக்கு மருந்தானது. அதற்காகச் சனியைச் சுற்றும் ஆரம்பச் சுற்றுகளையே மாற்றியமைத்தார்கள். 2004 டிசம்பர் 25-இல் ஹைகன்ஸ் கழன்றது. 2005 ஜனவரி 14-இல் டைட்டனில் இறங்கியது. சுமார் மைனஸ் 180 டிகிரி குளிரில், உறைந்த நீரால் ஆன கூழாங்கற்கள் இறைந்து கிடக்கும் தரையைப் படம் பிடித்து அனுப்பியது.

முழுக்க அனுப்பியதா என்றால் இல்லை. தகவல் இரண்டு சேனல்களில் வர வேண்டும். காசினியில் முதல் சேனலின் வாங்கும் கருவியை இயக்கச் சொல்லும் கட்டளை, அனுப்பிய கட்டளைத் தொகுப்பில் விடுபட்டுவிட்டது. ஏழு ஆண்டுப் பயணம், உலகமே மெச்சிய மீட்பு, கடைசியில் ஒரு வரியைக் காணோம். ஐரோப்பிய முகமை அது தங்கள் தவறு என்று ஒத்துக்கொண்டது. சுமார் 700 படங்களில் பாதி போயிற்று. டைட்டனின் காற்று வேகத்தை அளக்கும் சோதனையும் அந்த முதல் சேனலைத்தான் நம்பியிருந்தது. ஆனால் துணைக்கு இருக்கட்டும் என்று அமெரிக்காவின் கிரீன் பேங்க், ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் உள்ளிட்ட ரேடியோ தொலைநோக்கிகளிடம் முன்பே சொல்லிவைத்திருந்தார்கள். காசினி கேட்காமல் விட்ட அந்தச் சேனலின் மெல்லிய அலையை அவை பூமியிலிருந்தே பிடித்துவிட்டன. அதன் அதிர்வெண் ஏறி இறங்கியதை வைத்து, டைட்டனின் தரைக்கு 120 கிலோமீட்டர் மேலே காற்று மணிக்கு 430 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கிறது என்று கணக்கிட்டார்கள்.